தேய்க்கப் போட்ட இரண்டு சட்டைகள்

ஏப்ரல் 7, திங்கள்

வியாபாரிகள் சங்கத்தில் கொடுத்த டைரி மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்தேன். வீடு பார்க்கப் போகிற இடத்தில் ஒன்றை இன்னொன்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு காலத்தில் நூறு பேர் சரக்கை மனதிலேயே வைத்திருந்த தலைதான். இப்போது அறுபத்து மூன்று வயது.

விருதுநகரை விட்டுக் கோயம்புத்தூருக்குக் குடி போகிறோம். நான், என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம், மகள் அகிலா, ஐந்து வயதுப் பேத்தி தன்வி. அகிலாவுக்கு அங்கே ஒரு கல்லூரியில் நூலகர் வேலை. ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். தெருவில் அப்படிச் சொல்லவில்லை. என் மிளகாய் வத்தல் மண்டிக்குக் கோவையில் கிளை திறக்கிறேன், மண்டியைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. திறந்தாலும் திறப்பேன்.

பதினான்கு வயதில் மூட்டை தூக்க வந்தவன் நான். எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான். மேலே கிடக்கிற வத்தல் எல்லா மூட்டையிலும் சிவப்பாகத்தான் இருக்கும். கையை முழங்கை வரை உள்ளே விட வேண்டும். எடை கூட்டத் தண்ணி தெளித்த சரக்கு அடியில்தான் பிசுபிசுக்கும்.

ஏரியாவும் அப்படித்தான். காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் விசாரிக்கக் கூடாது. தெருமுனையில் துணி தேய்க்கிறவரிடம் விசாரிக்க வேண்டும். எல்லா வீட்டுத் துணியும் அவர் கையில் போய்த்தான் வருகிறது. இந்தப் பாடத்தை நான் கொஞ்சம் தாமதமாகப் படித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

புரோக்கர் சென்னியப்பன். நாற்பது வயது, ஓட்டை ஸ்கூட்டர், ஓயாத வாய். "ஏறுங்க அண்ணாச்சி, கோயமுத்தூர் காத்து வாங்கிக்கிட்டே போலாங்க" என்றார். காற்று விருதுநகரைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. அவ்வளவுதான்.

பீளமேட்டில் ஒரு அடுக்ககம். வாசலில் பலகை: குடும்பத்தினருக்கு மட்டும். அதற்குக் கீழே இன்னொரு பலகை: பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது. அந்தப் பலகையைச் சுற்றி ஒரு பிள்ளையைக்கூடக் காணோம்.

வீட்டுக்காரர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். காபி கொடுத்தார். எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர், நான், மனைவி, மகள், பேத்தி என்றேன்.

"மாப்பிள்ளை?"

"துபாயில."

"துபாயில எங்கங்க? என் பையனும் அங்கதான் இருக்கான்."

நான் துபாயைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. காபி சூடாக இருப்பதுபோல ஊதிக்கொண்டிருந்தேன். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும் என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டு எழுந்து வந்தேன். தண்ணீர் சரியில்லை என்று சென்னியப்பனிடம் சொன்னேன்.

கிளைக்குக் கடை பார்க்க நேரமில்லை.

ஏப்ரல் 16, புதன்

வடவள்ளி. மலை தெரிகிறது. தெரு சுத்தம். பள்ளிக்கூட வண்டி மூன்று நின்றன. தேய்ப்புக்காரர், "பிரச்சினை இல்லாத தெருங்க, ஆனா வீட்டுக்காரருக்கு மூக்கு நீளம்" என்றார்.

நீளம்தான். துபாய் வேண்டாம் என்று மாப்பிள்ளையைச் சரக்குக் கப்பலில் ஏற்றினேன். கடலில் யார் பையனும் பக்கத்து வீட்டில் இருக்க மாட்டான் அல்லவா.

"அப்ப வருசத்துல முக்கால்வாசி நாள் ஆம்பளத் துணையில்லாம இருப்பாங்கன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

ஆறடி ஆள் நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். அந்த வார்த்தையை மண்டியில் நானும் சொல்வேன். அர்த்தம் தெரியும்.

ஏப்ரல் 17, வியாழன்

கால் வீக்கம். ஊர் திரும்பினேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

விருதுநகரில் வெயில் கொளுத்துகிறது. அகிலா முழுக்கை ரவிக்கைதான் போடுகிறாள். வீட்டுக்குள்ளும் அப்படித்தான்.

சாப்பிடும்போது கேட்டாள். "ஏம்ப்பா, வீட்டுக்காரங்க மாப்பிள்ளை எங்கன்னு கேட்டா என்ன சொல்றீங்க?"

"உள்ளதைச் சொல்றேன்."

"உள்ளதுன்னா?"

"உள்ளதும்மா."

அவள் என்னையே பார்த்தாள். "என்னைப் பத்திப் பொய் சொல்லிக் கிடைக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். ஒத்த ரூமா இருந்தாலும் நானும் தன்வியும் தனியா இருந்துக்குவோம். நீங்களும் அம்மாவும் இங்கேயே இருங்க."

சரி என்றேன். மோர் ஊற்றிக்கொண்டேன். சொன்னால் செய்கிற பிள்ளை அவள். புகுந்த வீட்டைவிட்டு வந்தபோதும் அப்படித்தான். ஒரு பையோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விடிகிற நேரத்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். எங்களுக்குப் போன்கூடப் பண்ணவில்லை. ஏன் பண்ணவில்லை என்று நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

மறுபடியும் கோவை. பேக்கரி வாசலில் டீ குடிக்கும்போது சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. உங்க மாப்பிள்ளை ரெண்டு வாரம் முன்னால பீளமேட்டுல துபாய்ல இருந்தாருங்க. போன வாரம் வடவள்ளியில கப்பல்ல இருந்தாரு. ரெண்டு வீட்டுக்காரரும் எனக்குத் தெரிஞ்சவங்க, ரெண்டு பேரும் எங்கிட்டக் கேக்கறாங்க. மனுசன் இப்ப எங்கதானுங்க இருக்கறாரு?"

சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகோ தெரியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மாப்பிள்ளை இல்லை."

"அடடா. எப்பங்க தவறுனாரு?"

"சாகலை. மதுரையில இருக்கான். எம்பிள்ளை வேண்டாம்னு வந்துட்டா."

சென்னியப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "செத்திருந்தா வீடு சுலபமா கெடச்சிருக்குமுங்க" என்றார்.

கோபம் வரவில்லை. சந்தை நிலவரத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்தச் சந்தையில் நானும் நாற்பத்தொன்பது வருஷம் நின்றவன்.

மே 5, திங்கள்

கவுண்டம்பாளையம் தாண்டி உள்ளே ஒரு மில் காலனி. மில் மூடிப் பல வருஷமாகிறது. வீடுகள் நிற்கின்றன. பழைய தெரு, பெரிய வேப்பமரங்கள். நாலரை மணிக்குப் போய் நின்றேன். பத்துப் பதினைந்து பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தன. ஒரு பந்து வந்து என் முதுகில் விழுந்தது. "சாரிங் தாத்தா" என்று ஒரு பெண்பிள்ளை ஓடி வந்தது. பலகை ஒன்றையும் காணோம். பார்த்த தெருக்களிலேயே இது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

வேப்பமரத்தடியில் தேய்ப்பு வண்டி. நடத்துகிற அம்மாவின் பெயர் மயிலாத்தாள். ஐம்பது வயது இருக்கும். என் வெள்ளைச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"கஞ்சி ஜாஸ்திங்கண்ணா. ஊருல யாரு தேய்க்கறாங்க?"

"இந்தத் தெரு எப்படிம்மா? பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற வீடு."

பெட்டியை இரண்டு தடவை ஓட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார். "கிழிஞ்ச துணி எல்லா வீட்லயும் வருமுங்க. கிழிச்ச துணி இந்தத் தெருவுல எந்த வீட்ல இருந்தும் வர்றதில்லைங்க."

இந்தத் தெருவிலேயே வீடு பார்க்கலாம் என்று சென்னியப்பனிடம் சொன்னேன்.

வீட்டின் சொந்தக்காரர் கமலவேணி அம்மாள். மில்லில் நூல் சுற்றும் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கீழே அவர், மாடி எங்களுக்கு. சென்னியப்பன் முன்னாலேயே எச்சரித்துத்தான் கூட்டிப்போனார்: "அந்தம்மா எதுவுங் கேக்காதுங்க. நீங்களும் எதுவுஞ் சொல்லாதீங்க."

அப்படியே நடந்தது. சாவி கொடுத்தார், தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார், செடிக்கு நீங்கள் ஊற்ற வேண்டாம், நானே ஊற்றுவேன் என்றார். ஒன்றும் கேட்கவில்லை.

நான்தான் சொன்னேன். படி இறங்கும்போது, யாரும் கேட்காமல், "மாப்பிள்ளை கப்பல்ல இருக்காருங்கம்மா, லீவுக்கு வருவாரு" என்றேன்.

சென்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கேட்காத கேள்விக்கு ஒருவன் பதில் சொன்னால் அந்த மூட்டையைத் தொடாதே என்று என் தம்பிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மே 6, செவ்வாய்

பதினோரு மாத ஒப்பந்தம் என் பெயரில் எழுதினோம். அகிலாவுக்குப் போன் செய்தேன். "உள்ளதைச் சொன்னீங்களா?" என்றாள். "அந்தம்மா ஒண்ணுமே கேட்கலம்மா" என்றேன். இது நிஜம்.

மே 26, திங்கள்

குடி வந்தாயிற்று. பால் காய்ச்சினோம். தங்கபுஷ்பம் மாடியில் நின்று தெருவைப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றாள். இருபது நாளில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மாலையில் தன்வியைக் கடைக்குக் கூட்டிப்போனேன். யாராவது அப்பா எங்கே என்று கேட்டால் கப்பலில் என்று சொல்ல வேண்டும், அம்மாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்றேன். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தது.

"தாத்தா, அந்தக் கப்பல் எப்ப மூழ்கும்?"

பதில் சொல்லாமல் வேகமாக நடந்தேன்.

ஜூன் 2, திங்கள்

அகிலா வேலையில் சேர்ந்தாள். பஸ் நிறுத்தம் வரை போனேன். "நீங்க போங்கப்பா, எனக்கு வழி தெரியும்" என்றாள். பஸ் கண்ணைவிட்டு மறையும்வரை நின்றேன். கடை பார்க்கவில்லை, கால் வலி.

ஜூன் 11, புதன்

துணி வாங்கப் போனேன். மயிலாத்தாள் மடித்துக்கொண்டே சொன்னார். "அப்பா கப்பல்லன்னு உங்க பேத்தி சொல்லுச்சுங்க. கப்பல்காரரு வீட்டுத் துணின்னா மூட்டை மூட்டையா வருமுங்க. எங்க பெரியம்மா பையனும் கப்பல்லதான் இருந்தான். உங்க வீட்ல இருந்து உங்க வெள்ளைச் சட்டை, வேட்டி, அக்கா சேலை, மக சேலை. வேற ஆம்பளச் சட்டை ஒண்ணு வரலைங்களே. மாப்பிள்ளை எதையும் உட்டுட்டுப் போகலீங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். துணிப்பெட்டியில் தேடிப் பார்க்கிறேன் என்றேன். வேலை முடிந்து வரும்போது அகிலா அந்த வழியாகத்தான் வருவாள். அவளிடமும் இதே கேள்வி போனால் என்ன ஆகும்? அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஜூன் 12, வியாழன்

டவுனுக்குப் போய் இரண்டு சட்டை வாங்கினேன். ஒன்று நீலக் கோடு, ஒன்று கட்டம். நாற்பதாம் நம்பர். நினைத்துப் பார்க்காமலே அந்த நம்பர் வாயில் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு அவனுக்கு எடுத்த அளவு.

தங்கபுஷ்பம் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டையும் வாளியில் நனைத்துப் பிழிந்து, சுருட்டி, உதறிக் காயப்போட்டேன். புதுத்துணி வாசனை போக வேண்டும். திரும்பி வந்தவள் கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் மற்றத் துணியோடு கொடுத்தேன். "மாப்பிள்ளை சட்டை. பெட்டிக்கடியில கிடந்துச்சு."

மயிலாத்தாள் நீலக்கோட்டை விரித்தார். கழுத்துப் பட்டியைத் திருப்பினார். விரலால் தேய்த்தார். அக்குளைப் பார்த்தார். நான் வத்தலை ஒடித்துப் பார்ப்பது அப்படித்தான் இருக்கும்.

"அண்ணா, இது போட்ட சட்டை இல்லீங்க. தண்ணியில நனைச்ச சட்டை."

இந்த வார்த்தையை எத்தனை பேர் முகத்துக்கு நேரே நான் சொல்லியிருக்கிறேன்! தண்ணி தெளித்த சரக்கு, எடுத்துக்கொண்டு போ என்று. அவர்கள் நின்ற மாதிரியே நின்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "போடாத சட்டைக்கு எதுக்குங்க தேய்ப்பு" என்று முணுமுணுத்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மாலையில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். கால் வலிக்கு மாத்திரை போட்டேன், தூங்கிப்போனேன்.

எழுந்தபோது அகிலா வந்திருந்தாள். வருகிற வழியில் அவளே மூட்டையை வாங்கி வந்திருக்கிறாள். சாப்பாட்டு மேசை மேல் இரண்டு சட்டையும் பக்கத்தில் பக்கத்தில்.

"யாருதுப்பா?"

"எனக்குத்தான் வாங்கினேன்."

"நாப்பது உங்களுக்குப் பத்தாது." குரலே உயரவில்லை. "மயிலக்கா எங்கிட்ட, உங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருந்து எப்ப வர்றாருன்னு கேக்கறாங்க. தன்விகிட்ட கேட்டேன். கப்பல் இன்னும் மூழ்கலைன்னு சொல்லுது."

சட்டைகளை எடுக்கக் கை நீட்டினேன்.

"அவன் சட்டை தொங்காத வீடு ஒண்ணுதாம்ப்பா நான் கேட்டேன். அதையும் காசு குடுத்து வாங்கிட்டு வந்து வச்சிருக்கீங்க."

தட்டைக் கழுவ ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டாள். முதல் தடவையாக நான் பார்க்கும்படி நின்றாள். முழங்கைக்குக் கீழே தழும்பு. ஒரு முனை கூர், பின்னால் அகலம். தேய்ப்புப் பெட்டியின் முனை எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஜூன் 14, சனி

அகிலா யாருக்கோ போன் செய்து ஒற்றை அறை வாடகை விசாரித்தாள்.

ஜூன் 16, திங்கள்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வீடு பற்றிய டைரி. இதுவும் வீடு பற்றியதுதான்.

கல்யாணத்துக்கு முன் மதுரைக்கு விசாரிக்கப் போனேன். வங்கியில் கேட்டேன், சங்கத்தில் கேட்டேன், அவர்களோடு வியாபாரம் செய்கிறவர்களைக் கேட்டேன். எல்லாம் சிவப்பு வத்தல். அவர்கள் வீட்டு எதிரில் ஒரு தேய்ப்புக்காரர் இருந்தார். நான் காரில் ஏறும்போது அவராகவே கிட்டே வந்து, "அண்ணாச்சி, பொண்ணு உங்க சொந்தப் பொண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டிக்குத் திரும்பிப் போய்விட்டார். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று இருந்தேன்.

இரண்டாவது. போன வருஷம் பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. புது வத்தல் வரத்து, மண்டி நிறைய மூட்டை, ஏலம் போய்க்கொண்டிருக்கிறது. அகிலா போன் செய்தாள். "அப்பா, கையில" என்று ஆரம்பித்தாள். "சாயங்காலம் பேசுறேம்மா" என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் பேசவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதப் போனேன். மறக்கவில்லை. என்ன சொல்வாள் என்று ஓரளவு தெரிந்ததால்தான் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவள் எனக்குப் போன் செய்யவே இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

ஜூன் 17, செவ்வாய்

அகிலா வேலைக்குக் கிளம்புமுன் அவள் எதிரில் போய் நின்றேன். "அந்தப் போனை நான் பாதியில வச்சிருக்கக் கூடாது" என்றேன்.

எந்தப் போன் என்று அவள் கேட்கவில்லை. கைப்பையை மாட்டிக்கொண்டாள். "கீழ போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்கப்பா. நான் அறை பார்க்கறதும் பார்க்காததும் அதுக்கப்புறம்."

கமலவேணி அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பஞ்சாயத்தில் நிற்கிற மாதிரி நின்று சொன்னேன். கப்பல் இல்லை. துபாய் இல்லை. மகள் அடி வாங்கினாள், விட்டுவிட்டு வந்தாள். வழக்கு நடக்கிறது. நான் பொய் சொல்லிக் குடி வந்தேன்.

வாளியைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை.

"ஏனுங்க, நான் உங்ககிட்ட எதாச்சுங் கேட்டனுங்களா?"

"இல்லைம்மா."

"புள்ள தப்புப் பண்ணுனவ மாதிரி நீங்களே ஆக்கி வச்சிருக்கறீங்களே. அவ எங்கிட்ட ஒரு பொய் சொல்லுலீங்க. நீங்கதான் சொன்னீங்க. பொய் சொன்ன ஆளுக்கு நான் வீடு குடுக்கறதில்லைங்க."

சரி, எப்போது காலி செய்ய வேண்டும் என்று கேட்டேன். குரல் உடைந்துபோயிற்று. எழுதிவைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

"யாரு காலி பண்ணச் சொன்னாங்க? அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டு, உங்க புள்ள பேர்ல புதுசா எழுதீட்டு வாங்க. வீடு அவளுக்குத்தான். அவ உங்கள வச்சுக்கறதும் வச்சுக்காததும் அவ பாடுங்க."

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

ஜூன் 18, புதன்

சாயங்காலம் அகிலாவும் தங்கபுஷ்பமும் கீழே போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். அழுத கண், ஆனால் கையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும்.

நான் கேட்கவில்லை. அகிலாவே சொன்னாள். "நீங்களும் இருக்கலாம்னு சொல்லிட்டேன்."

"சரிம்மா."

"இனிமே கேட்காம யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது."

"சரிம்மா."

"கேட்டா உள்ளதைச் சொல்லணும்."

தங்கபுஷ்பம் அடுப்படியில் சிரித்த சத்தம் கேட்டது.

ஜூன் 23, திங்கள்

புது ஒப்பந்தம். வாடகைதாரர் த. அகிலா. அவள் கையெழுத்துப் போட்டாள், தெளிவாக, அவசரமில்லாமல். எனக்குச் சாட்சிக் கையெழுத்து. வத்தல் மண்டி உரிமையாளர் என்று எழுதப் போனேன். சாட்சிக்கு அதெல்லாம் வேண்டாம், பேர் போதும் என்றார் எழுதுகிறவர். தனுஷ்கோடி என்று மட்டும் போட்டேன்.

தம்பிக்குப் போன் செய்து கிளை திறக்கப் போவதில்லை என்றேன். "அது இங்க தெருவுக்கே தெரியும்ணே" என்றான். தெருவுக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எல்லாந்தான்" என்றான்.

ஜூன் 27, வெள்ளி

கட்டம் போட்ட சட்டையைச் சென்னியப்பனுக்குக் கொடுத்தேன். அவருக்கு அளவு கச்சிதம். "கப்பல்ல இருந்து வந்துதுங்களா?" என்றார். அடிக்கக் கை ஓங்கினேன். ஸ்கூட்டரில் பறந்துவிட்டார்.

நீலக்கோட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. துணியைத் தூக்கிப் போடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

ஜூலை 2, புதன்

என் வெள்ளைச் சட்டை எல்லாம் ஈரம். தன்விக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று. நீலக்கோட்டைப் போட்டேன். வயிற்றுப் பொத்தான் போட முடியவில்லை, திறந்தே விட்டேன். தங்கபுஷ்பம், "காலேஜ் பையன் கணக்கா இருக்கு" என்றாள்.

பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். தன்வியின் பை, தண்ணீர்ப் புட்டி, குடை, பாதி வழியில் தன்வியும் என் தோளில். திரும்பும்போது காய்கறி, அரிசி. வெயில்.

மாலையில் சட்டையைத் தேய்ப்பு வண்டியில் போட்டேன். மயிலாத்தாள் விரித்தார். கழுத்துப் பட்டியைத் திருப்பினார். விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

"யாரு சட்டைங்கண்ணா இது?"

"என்னோடதுதான்."

"ஆமாங்க, உங்களுதுதான்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.